பைரனின் ரகசிய 'சீட் மீல்'

ஆறு நாள் சாலட், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இந்தக் கணக்கு நமக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டு இருக்கீங்களா? 200 வருஷத்துக்கு முன்னாடியே ஆங்கிலக் கவிஞர் லார்டு பைரன் இதுல மாட்டிக்கிட்டவர்தான்.

1788-ல் பிறந்த பைரனுக்குப் பிறவியிலேயே வலது கால் ஊனம். உடம்பும் சட்டுனு குண்டாகிற வாகு. லண்டனில் ஒரு ஒயின் கடையில் காபி மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. அதில் ஏறித்தான் எடை பார்ப்பார். 1806-ல் 88 கிலோ. 1811-ல் 57 கிலோவுக்கும் கீழே! கோட்டு மேல கோட்டு மாட்டிக்கிட்டு கிரிக்கெட் ஆடி வியர்வை சிந்தினது, பாதிப் பட்டினி கிடந்தது... எல்லாம் பண்ணினார்.

அந்த 1811-ல்தான் சாமுவேல் ரோஜர்ஸ்ங்கிற கவிஞர் வீட்டில் விருந்து. சூப், மீன், இறைச்சி எதுவுமே வேணாம்னுட்டார் பைரன். பிஸ்கட்டும் சோடாவும் கேட்டார். அது வீட்டில் இல்லை. உருளைக்கிழங்கை மசிச்சு, வினிகர் ஊத்திச் சாப்பிட்டார். என்ன ஒரு கட்டுப்பாடுன்னு தோணுதில்ல? அங்கிருந்து கிளம்பினவர் நேரா ஒரு கிளப்புக்குப் போய், வயிறு முட்ட இறைச்சி சாப்பிட்டாராம். பிற்பாடு ரோஜர்ஸே சொன்ன கதை இது.

இறைச்சி சாப்பிட்டது தப்பில்லை பாஸ். பிளான் பண்ணி, ரசிச்சு சாப்பிடுற ஒருவேளை பிரியாணி வேற. பைரனோடது பட்டினி, அப்புறம் வெறியோட ஒரு வேட்டை, திரும்பவும் பட்டினி. கடைசி வரைக்கும் அவர் இதிலிருந்து முழுசா வெளியே வரவே இல்லை.

1824-ல் கிரேக்க விடுதலைப் போருக்கு உதவப் போன இடத்தில் காய்ச்சல். ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பிலிருந்து டாக்டர்கள் ரத்தத்தை வேற வெளியேத்தினாங்க. ஏப்ரல் 19-ம் தேதி இறந்தப்போ வயசு 36.

அந்தத் தராசு இன்னமும் அதே கடையில இருக்கு.