கலங்கல் தந்த பொறிவல்லார்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் தறியொலி கேட்கும் தெருக்கள் பல. அத்தறிகளில் ஓடும் பட்டிழை பெரும்பாலும் கன்னட நாட்டினின்றும் வருவது. சேலையின் கரையில் ஒளிரும் சரிகையோ தொலைவிலுள்ள சூரத்து நகரினின்றும் வருவது. ஆயினும் சேலையை ஆரணிச் சேலை என்றே உலகம் வழங்குகின்றது. இழையைச் சேலையாக்கும் அறிவு அவ்வூரார் கையில் இருத்தலே அதற்குக் காரணம். மோட்டார் வண்டி நம் நாட்டிற்கு வந்த காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. பொருள் கடல் கடந்து வந்தது; அதனை ஆக்கும் அறிவோ கடலுக்கு அப்பாலே நின்றுவிட்டது. அவ்வறிவை இந்நாட்டிற் குடியேற்றப் பாடுபட்டவருள் முன்னிற்பவர் கோவை ஜி. டி. நாயுடு ஆவார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடியில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குக் கைத்தது. தொடக்க வகுப்புகளோடு அதனை விட்டொழித்தார். பள்ளியை வெறுத்தமை பிறர் பின்பற்றத் தக்கதன்று. ஆனால் கற்றலை அவர் ஒருநாளும் விட்டாரல்லர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். எருதும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. அஃது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் என்னும் வண்டி. அதனைத் தம் உடைமையாக்கிக் கொள்ள வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் மூண்டது. கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். அவ்வதிகாரியிடமே சென்று வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர் சுற்றுவதோடு நின்றாரோ எனின், இல்லை. வண்டியை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். எவ்வுறுப்பு எதனோடு இயைகின்றது, ஏன் இயைகின்றது என ஆராய்ந்தார். பின்னர் முன்போலவே பூட்டினார். கழற்றுதல் எவர்க்கும் எளிது. ஓர் ஆணியும் மிஞ்சாமற் பூட்டுதலே அரிது. அவருக்குப் பொறியியற் கல்லூரியாய் அமைந்தது அவ்வொரு வண்டியே.

இடையிற் பருத்தி வாணிகத்தில் அவர் ஈட்டியதையும் இழந்ததையும் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1920ஆம் ஆண்டில், கோவைத் தொழிலதிபர் ராபர்ட்டு ஸ்டேன்சு துரையின் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொன்று பல்கிப் பெருகி யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனம் ஆயிற்று.

அக்காலத்துப் பேருந்து உருவான முறையை அறிந்தால்தான் அவரது உழைப்பின் அருமை புலப்படும். அடிச்சட்டம், எஞ்சின், பற்சக்கரப் பெட்டி, அச்சு ஆகிய கனத்த உறுப்புகள் யாவும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தன. எடைக்கும் அடைக்கும் இடத்துக்கும் ஏற்பக் கப்பற்கூலி, விலைக்கேற்பச் சுங்கவரி, துறைமுகத்தில் பாரந்தூக்கியால் இறக்கியபின் ஊர் கொண்டு சேர்க்கும் செலவு வேறு. அவ்வெலும்புக் கூட்டின்மேல் நம் தச்சரும் கொல்லரும் மரத்தாலும் தகட்டாலும் கூண்டு கட்டினர். கூண்டு நம்முடையது, ஓடுவது அயலாருடையது. ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 1928இல் பம்பாயில் அமைத்த தொழிற்சாலையும் கடல் கடந்து வந்த உறுப்புகளைப் பூட்டித் தந்ததேயாம். சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903இலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டியதுண்டு. அம்முயற்சி பெருந்தொழிலாக வளரவில்லை.

நடுவழியில் ஓர் அச்சு முறிந்து, மாற்றுறுப்பும் கையிருப்பில் இல்லையாயின், கப்பல் வரும்வரை வண்டி கொட்டிலிற் கிடக்கும். வண்டியோட்டிப் பிழைப்பார்க்கு அஃது எத்துணை இழப்பு! ஆதலின் வாங்குவதோடு அமையாது, செய்வதிலும் நாயுடு கருத்துச் செலுத்தினார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று ஆங்குள்ள தொழில்முறைகளை நேரிற் கண்டார். எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டர் முதலியவற்றைக் கோவையிலேயே செய்யும் தொழிற்கூடங்கள் அவர் முயற்சியால் எழுந்தன. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி 1937இல் அவர் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிற் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுகின்றது. பைக்காரா மின்னாற்றல் கொங்கு நாட்டிற்கு வந்துவிட்ட காலம் அது. ஏற்றம் கட்டி இறைத்த உழவர்க்கு உள்ளூர் மோட்டார் எத்துணை வேண்டியதாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தாம் பள்ளியைத் துறந்தவராயினும் பிறர்க்குக் கல்வி அளிக்க அவர் தயங்கவில்லை. அந்நாளைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் 1945இல் கோவையில் தொழிற்கல்லூரி ஒன்று தோன்றுவதற்குப் பொருளுதவி புரிந்தார். அதுவே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய பெட்ரோல் கார் ஒன்று அவர் முயற்சியால் உருவாயிற்று. அதன் விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தாரும் கார் வாங்கலாம் என்னும் நம்பிக்கையை அது தந்தது. ஆனால், தொழில்களை முறைப்படுத்த 1951இல் இயற்றப்பட்ட சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பெருந்தொழில் தொடங்குவார் அரசின் உரிமம் பெறல் வேண்டும். அயல்நாட்டுச் செலாவணி அரிதாயிருந்த அந்நாளில் அரசு எச்சரிக்கையோடு நடந்தமை இயல்பே. ஆயினும், அயலார் உறுப்புகளை எந்நாளும் நம்பியிராமல் இங்கேயே செய்வோம் என்று முன்வந்த ஒருவர்க்கு உரிமம் கிட்டாமற் போனது வருந்தத்தக்கதே. கார் உற்பத்தி அவ்வளவில் நின்றது. நாடெங்கும் ஓடியிருக்க வேண்டிய வண்டி கோவையைக் கடக்கவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜி. டி. நாயுடு இயற்கை எய்தினார். கோவை அவினாசிச் சாலையில் அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளையினர் 2015இல் மோட்டார் வண்டி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். பல நாடுகளில் முற்காலத்திற் செய்யப்பட்ட கார்கள் அங்கு வரிசையாக நிற்கின்றன.