எமுலேட்டருக்கு விதை போட்ட டூரிங்

விண்டோஸ் 98 காலத்து மென்பொருள் ஒன்றை எமுலேட்டருக்குள்ள ஏத்திப் பார்த்திருக்கீங்களா? எல்லாம் ஜோரா ஓடும். கடைசியில ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லும், அங்கேயே நின்னுடும். ஏன்னு தேடுறதுக்கு முன்னாடி, ஒரு கணினி இன்னொன்றாக நடிக்கலாம் என்று காட்டியவரைத் தெரிஞ்சுக்கோங்க.

ஆலன் டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். வேலை. அம்மா பிறந்தது நம்ம போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். பெற்றோர் இங்கே, பிள்ளை அங்கே என்றுதான் சிறுவயது போனது. பள்ளியில் உயிர் நண்பனாக இருந்த கிறிஸ்டோபர் மார்கம் 1930-ல் இறந்தது அவரை உலுக்கியது.

1936-ல், 23 வயதில், ஒரு கட்டுரை எழுதினார். எந்த இயந்திரத்தின் விதிகளையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பொது இயந்திரம் சாத்தியம் என்று அதில் நிறுவினார். உங்க லேப்டாப்புக்குள்ள இன்னைக்கு ஓடுற பழைய பிசிக்கு அடிப்படை அதுதான்.

பிரின்ஸ்டனில் 1938-ல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இன்னொரு இயந்திரத்தையும் யோசித்தார். தன்னால் தீர்க்க முடியாத கேள்வி வந்தால், அது வெளியே இருக்கும் ஆரக்கிளிடம் கேட்கும். பதில் வந்ததும் வேலையைத் தொடரும். கணிதத்தில் அது வேற லெவல் விஷயம். ஆனா நம்ம ரெஜிஸ்ட்ரேஷன் திரையும் அப்படித்தான், வெளியிலிருந்து பதில் வரணும்னு காத்து நிக்குது.

போர் வந்ததும் பிளெட்ச்லி பார்க்கில் எனிக்மா சங்கேதத்தை உடைக்க பாம் இயந்திரத்தை வடிவமைத்தார். பிறகு சதுரங்கம் ஆட ஒரு நிரல் எழுதினார். அதை ஓட்டத் தோதான கணினி கிடைக்கவில்லை. அதனால் 1952-ல் தானே கணினியாக உட்கார்ந்து, ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம்போல காகிதத்தில் கணக்குப் போட்டு ஆடினார். தோற்றார். எமுலேட்டராக மனுஷனே இருந்த ஆட்டம் அது!

அதே ஆண்டு, ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசிகள். போரில் செய்த வேலை ரகசியம் என்பதால் ஊருக்குத் தெரியவில்லை. 1954 ஜூன் 7-ல் சயனைடால் இறந்தார். தற்கொலை என்றது விசாரணை. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது 2009-ல். அரச மன்னிப்பு 2013-ல். கேட்க அவர் இல்லை.

இப்போ நம்ம கோளாறுக்கு வருவோம். முதலில் உள்ளே பாருங்க: எமுலேட்டரில் கொடுத்த நெட்வொர்க் கார்டு பழைய விண்டோஸுக்குத் தெரிந்த மாடலா? தேதி சரியா? அடுத்து, மொழி: பழைய விண்டோஸின் பூட்டுமுறையை இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதெல்லாம் சரின்னா, பதில் சொல்ல வேண்டிய சர்வரையே மூடியிருப்பாங்க. அப்போ எமுலேட்டரை எத்தனை தடவை மாத்தினாலும் பிரயோஜனமில்லை. தயாரிப்பாளரே ஆஃப்லைன் பதிவோ கடைசி பேட்ச்சோ கொடுத்திருக்காரான்னு தேடுங்க.

நாளைக்கு நீங்க மென்பொருள் எழுதும்போது, சர்வர் மூடுற நாளுக்கும் ஒரு வழி வைத்துவிட்டு எழுதுங்க.