தமிழுக்கு ஈய எழுத்து வார்த்த சீகன்பால்கு



நம்ம கருங்குழி பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பாருங்கள். பெயர் மட்டும் தடித்த பெரிய எழுத்தில் இருக்கும். தேதியும் இடமும் சின்னதாக இருக்கும். இந்தப் பெரிசு, சின்னது சங்கதி முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவரைப் பாடாய்ப் படுத்தியது. அவர்தான் சீகன்பால்கு.

இவர் 1682-ல் ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தார். டென்மார்க் ராஜா அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் பாண்டிச்சேரி, கடலூர் தாண்டி வரும் ஊர் அது. அப்போது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் கற்றார். வயசு 24! நாம் அ, ஆ எழுத எவ்வளவு அழுதோம்?

கோட்டைத் தளபதிக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதும் ஒரு காரணம். 1708 கடைசியில் பிடித்து நாலு மாசம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தவர் 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். ஆனால் அதை அச்சடிக்க எழுத்து வேண்டுமே! 1578-ல் கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. ஆனால் இவர் காலத்தில் அதெல்லாம் நின்றுபோயிருந்தது.

லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் கப்பலில் புறப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். எப்படியோ இயந்திரம் வந்து சேர்ந்தது. 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசு! தலைப்புக்கு அழகாக இருக்கும். முழுப் புத்தகத்தையும் அதில் கோத்தால் காகிதம் என்னத்துக்கு ஆகும்? காகிதமோ கப்பலில் வரவேண்டும். (இந்தத் தாளில் தலைப்பைக் கட்டை ஸ்கெட்சில் எழுதினேன். முழுசும் அப்படி எழுதினால் நாலு சார்ட் வேண்டும்.)

அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்க்க முடிவு செய்தார்கள். ஆட்லர் என்பவர் அந்த வேலையைச் செய்தார். எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

அந்தச் சின்ன எழுத்தில் 1714, 1715-ல் புதிய ஏற்பாடு அச்சானது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். ஆனால் கடைசிப் பக்கங்கள் அச்சானபோது சீகன்பால்கு இங்கே இல்லை, ஐரோப்பா போயிருந்தார். அங்கே 1716-ல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளிவந்தது. அதே வருஷம் திரும்பி வந்தார். 1719 பிப்ரவரி 23-ல், 36 வயசில் இறந்தார். தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்தக் காலத்தில் ஓலையில் எழுதுபவர்கள் புள்ளி வைப்பதில்லை, குத்தினால் ஓலை கிழியும். எ, ஏ இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அதைத் திருத்தியவர் வீரமாமுனிவர். அவர் கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி