பேனாவால் பிடிபட்ட 39 இலக்க எண்

டவர் ஆஃப் ஹனோய் ப்ரோக்ராம் எழுதாம டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபைத் தாண்டினவங்க நம்மில் ரொம்பக் குறைவு. 1883-ல் அந்தப் புதிரை வேறொரு பெயரில் விளையாட்டுப் பொருளா வெளியிட்டவர் எடுவார்ட் லூக்காஸ். ஆனா அவர் செஞ்சதுலேயே பெரிய காரியம் அது இல்லை. இந்த எண்தான்:

170141183460469231731687303715884105727

அதாவது 2^127 − 1. சைன்ட் 128 பிட் இன்டிஜரில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பும் இதுதான். இது பகா எண் என்று 1876-ல், கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் லூக்காஸ் காட்டினார்.

அவர் 1842-ல் பிரான்ஸின் அமியான் நகரத்தில் பிறந்தவர். பாரிஸில் படிச்சுட்டு அங்கேயே வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-ல் பிரஷ்யாவோட போர் வந்தப்போ பீரங்கிப் படை அதிகாரி. போர் முடிஞ்சதும் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார்.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 2^67 − 1, 2^127 − 1 ரெண்டுமே பகா எண்கள்தான் என்று எழுதி வெச்சிருந்தார். இருநூறு வருஷத்துக்கு மேல யாராலும் அதைச் சரிபார்க்க முடியலை. காரணம் சிம்பிள். அந்த 39 இலக்க எண்ணை அதன் வர்க்கமூலம் வரைக்கும் ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துப் பார்க்கணும்னா, நொடிக்கு ஒண்ணு வீதம் 40,000 கோடி வருஷத்துக்கு மேல ஆகும்.

லூக்காஸ் வகுக்கவே இல்லை. ஃபிபனாச்சி மாதிரியான தொடர்களை ஆராய்ஞ்சு ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சார். பிற்பாடு லேமர் அதை எளிமையாக்கினார். 31-ஐ வெச்சுப் பார்ப்போம். அது 2^5 − 1. முதலில் 4. அதை வர்க்கமாக்கி 2-ஐக் கழிச்சா 14. திரும்பவும் அப்படியே செஞ்சா 194. 31-ஆல் வகுத்தா மீதி 8. இன்னொரு தடவை செஞ்சா 62, மீதி 0. மூணே படி, 31 பகா எண். 2^127 − 1-க்கு 125 படி போதும்.

அந்த எண்ணில் மெர்சென் சொன்னது சரி. ஆனா 2^67 − 1 பகா எண் இல்லைன்னும் அதே வருஷம் லூக்காஸ் காட்டினார். அதுவும் அதன் காரணிகள் எதுன்னு தெரியாமலே! 1903-ல்தான் அமெரிக்காவின் கோல் அவற்றைக் கண்டுபிடிச்சார்: 193707721, 761838257287.

அதைப் பார்க்க லூக்காஸ் உயிரோட இல்லை. 1891-ல் மார்செய் நகரில் ஒரு மாநாட்டு விருந்து. கீழே விழுந்து உடைஞ்ச தட்டோட சில்லு ஒண்ணு அவர் கன்னத்தைக் கிழிச்சது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். காயத்தில் தொற்று ஏறி, 49 வயசில் இறந்துபோனார்.

உலகின் மிகப் பெரிய தெரிந்த பகா எண் என்ற அவரோட சாதனை 1951 வரை, 75 வருஷம் நின்னது. கையாலேயே கணக்குப் போட்டு அதைத் தாண்டினவர் யாருமில்லை. 2024-ல் கிடைச்ச 2^136279841 − 1-க்கு நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள். அதைப் பகா எண் என்று உறுதி செஞ்சது ஜிபியூ. அதில் ஓடினது லூக்காஸ் – லேமர் சோதனைதான்.