கங்காசாகரில் உயிர் ஈந்த ஆல்பர்ட் எக்கா



யூபிலி மலரில் புனிதர்களின் சரிதை இடம்பெறுவது வழக்கம். இங்கே நான் எழுதப் புகுவதோ பீடத்திற்கு உயர்த்தப்படாத ஒரு கத்தோலிக்கப் போர்வீரரைப் பற்றி. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகள் சிவகிரி வட்டாரத்திலும் உண்டல்லவா?

சோட்டா நாக்பூர் மலைநாட்டில், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துக் கும்லா மாவட்டத்தில், ஜாரி என்றொரு சிற்றூர். 1942 டிசம்பர் 27 அன்று, புனித அருளப்பர் திருநாளில், அங்கே ஆல்பர்ட் எக்கா பிறந்தார். தந்தை ஜூலியஸ், தாய் மரியம், ஆதிவாசிக் குடும்பம். அம்மலைநாட்டிற்கு 1885இல் வந்த பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்து தவித்த ஏழைகளுக்காக வழக்குமன்றப் படியேறியவர். அவர் விதைத்த விசுவாசத்தின் கனிகளுள் ஒருவர் ஆல்பர்ட். சிறுவயதில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டைக்குச் செல்வார். ஹாக்கி ஆட்டத்தில் சூரர்.

1962இல், சீனப் போர் ஓய்ந்த மறுமாதமே, தம் இருபதாம் பிறந்த நாளில் பீகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். பின்னர் 14ஆம் கார்ட்ஸ் பட்டாலியனுக்கு மாற்றப்பட்டு லான்ஸ் நாயக் ஆனார்.

1971 டிசம்பர் 3. அன்று நம் மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலராம் புனித சவேரியாரின் திருநாள். அகர்தலாவுக்கு மேற்கே, எல்லைக்கு அப்பால், கங்காசாகர் ரயில் நிலையத்தைப் பகைவர் அரண்செய்து காத்திருந்தனர். இந்திய வீரர்கள் முன்னேற, ஒரு பதுங்குகுழியிலிருந்து இயந்திரத் துப்பாக்கி முழங்கிற்று. தோழர்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சாய்வதைக் கண்ட ஆல்பர்ட் தனியே பாய்ந்து, துப்பாக்கி முனைக்கத்தியால் அங்கிருந்த இருவரைக் கொன்று அதை அடக்கினார். பலத்த காயம் அடைந்தார். பின்வாங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். ஆனால் குருதி வழிய, பதுங்குகுழி பதுங்குகுழியாகத் தோழர்களுடன் சென்றார். கடைசியில் ஒரு மாடிக்கட்டடத்திலிருந்து மற்றொரு இயந்திரத் துப்பாக்கி வழிமறித்தது. ஊர்ந்து சென்று கையெறி குண்டை வீசினார், அது ஓயவில்லை. சுவரேறி உள்ளே புகுந்து, சுடுபவனைக் குத்தி ஓய்வித்தார். பிறகு அக்காயங்களாலேயே உயிர் துறந்தார். வயது இருபத்தொன்பது நிறைய இன்னும் இருபத்து நான்கு நாட்கள் இருந்தன.

கொலை செய்யாதே என்று கற்பிக்கும் குரு இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கத்தியால் குத்துண்டவனும் ஒரு தாய் பெற்ற மகனே; அவனுக்காகவும் நாம் செபிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பகைமையினாலன்றித் தம் நாட்டைக் காக்கப் படையில் சேர்ந்தோர் தம் கடமையைச் செவ்வனே செய்யும்போது அமைதிக்கே பணிபுரிகின்றனர் என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த போதனை. ஆல்பர்ட்டைப் பாயச் செய்தது வெறுப்பு அன்று, வீழ்ந்துகொண்டிருந்த தோழர்களே என்பது என் எண்ணம்.

அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. அந்தப் போரில் கிழக்கு முனையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே. 2000இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. ராஞ்சியின் நடுநாயகமான நாற்சந்தி அவர் பெயரால் வழங்குகிறது.

உடலோ ஜாரிக்கு வந்து சேரவில்லை. அகர்தலா அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது. இளம் விதவையான மனைவி சிறு மகனை வளர்த்து, 2021 வரை வாழ்ந்தார். ஆன்மாக்கள் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற, கணவரின் கல்லறை அவர் ஊரில் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகே, அடக்கம் நடந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் ஜாரிக்குக் கொண்டுவரப்பட்டது.