கொட்டிய ஒயினில் தொடங்கிய கதை... மரத்திலிருந்து கண்ணாடி பேப்பர் தந்த பிராண்டன்பெர்கர்!

பொக்கே, கிஃப்ட் பாக்ஸ், மிட்டாய்னு எதைச் சுத்தினாலும் பளபளன்னு இருக்குமே, அந்தக் கண்ணாடி பேப்பர்... இன்னைக்கு நம்ம கைக்கு வர்றதுல பெரும்பாலானவை பெட்ரோலியத்தில் இருந்து தயாராகும் பிளாஸ்டிக்தான். ஆனா, பொருளைப் பொதிந்தும் வைக்கணும், உள்ளே இருப்பது வெளியே தெரியவும் செய்யணும் என்ற ஆசையை உலகம் முழுக்கக் கிளப்பிவிட்டது பிளாஸ்டிக் இல்லை. மரம்! அந்தத் தாளின் பெயர் செல்லோபேன். அதைத் தந்தவர், ஜாக் எட்வின் பிராண்டன்பெர்கர்.

1872-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தவர். பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 22 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு பிரான்ஸ் போய், துணிகளுக்கு வெளுப்பும் சாயமும் போடும் தொழிலில் சேர்ந்தார்.

ஒருநாள் உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் யாரோ ஒயினைக் கொட்டிவிட, மேசை விரிப்பு பாழானது. கறையே ஒட்டாத ஒரு துணி செய்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர் கையில் எடுத்தது விஸ்கோஸ். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துக் கரைத்தால் கிடைக்கும் பாகு போன்ற கரைசல் அது. 1892-லேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அதைத் துணிமேல் பூசிப் பார்த்தார் பிராண்டன்பெர்கர். துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. ஐடியா அவுட்! ஆனால், பூச்சு மட்டும் துணியிலிருந்து தனியாக உரிந்து வந்தது, கண்ணாடி போல. துணியை விட்டுவிட்டு, அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டார்.

படலம் கிடைத்தது... தொழிற்சாலை?

ஒரு துண்டு உரித்தெடுப்பது ஈஸி. மைல் கணக்கில், ஒரே தடிமனில், கிழியாமல் எடுப்பதுதான் சவால். மெல்லிய பிளவு வழியாகக் கரைசலை அமிலத் தொட்டிக்குள் விட்டு, அங்கே அது படலமாக இறுகியதும் கழுவி, வளைந்துகொடுக்க கிளிசரின் ஏற்றி, உலர்த்திச் சுருட்ட வேண்டும். இதற்கான இயந்திரத்தை அவர் உருவாக்கியது 1908-ல். விற்கக்கூடிய மெல்லிய தாள் கைக்கு வர 1912 ஆகிவிட்டது. செல்லுலோஸ், ஒளி ஊடுருவும் என்று பொருள்படும் டயஃபேன் என்ற பிரெஞ்சுச் சொல், இரண்டையும் சேர்த்து செல்லோபேன் என்று பெயர் வைத்தார்.

அப்போதும் அது பணக்காரப் பொருள்தான். உயர்ரக சாக்லேட், வாசனைத் திரவியம் போன்றவற்றுக்கே கட்டுப்படியானது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கும் பயன்பட்டது. 1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உரிமம் வாங்கி, அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் உற்பத்தியைத் தொடங்கியது. உற்பத்தி பெருகப் பெருக, விலை இறங்கியது.

ஒரே ஒரு ஓட்டை

தண்ணீர் கொட்டினால் தாங்கும். ஆனால், காற்றில் உள்ள ஈரத்தை செல்லோபேனால் தடுக்க முடியவில்லை. மிட்டாய் பிசுபிசுத்தது, சுருட்டு காய்ந்தது, கத்தி துருப்பிடித்தது. டூபாண்டின் வேதியியலாளர் வில்லியம் ஹேல் சார்ச் குழுவினர் 2,000-க்கும் மேற்பட்ட கலவைகளைச் சோதித்து, 1927-ல் மெழுகு சேர்ந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் ரொட்டி, கேக், இறைச்சி, சிகரெட் எல்லாம் செல்லோபேனுக்குள் வந்தன. 1938-ல் டூபாண்டின் மொத்த லாபத்தில் கால் பங்கு இதிலிருந்தே கிடைத்தது!

ஆனால், இதற்கு ஒரு விலையும் இருந்தது. பூச்சில்லாத செல்லோபேனை மண்ணில் போட்டால் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பூச்சு ஏறியதும் மக்கும் வேகம் குறைந்தது. இன்னொரு பக்கம், மரக்கூழைக் கரைக்கும் கார்பன் டைசல்ஃபைடு ஆவி, விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்களின் நரம்பையும் மனநிலையையும் பாதித்தது. மரத்தில் இருந்து வருகிறது என்பதாலேயே ஒரு பொருள் தூய்மையானது ஆகிவிடாது.

1937-ல் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட், பிராண்டன்பெர்கருக்கு எலியட் கிரெஸன் பதக்கம் வழங்கியது. 1954-ல் அவர் காலமானார். அடுத்த சில பத்தாண்டுகளில் பாலிபுரொப்பிலீன் படலம் மலிவாக வந்தது, ஈரத்தையும் தானாகவே தடுத்தது. செல்லோபேன் ஓரங்கட்டப்பட்டது. கண்ணாடி பேப்பர் என்ற பெயர் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது. உள்ளே இருந்த மரம் போய்விட்டது.

அதே மூன்று கேள்விகள்

இப்போது பிளாஸ்டிக்குக்கு மாற்றாக மரக்கூழ் படலங்களை மீண்டும் பெரிய அளவில் தயாரிக்கப் பார்க்கிறார்கள். எதிரே நிற்பவை பிராண்டன்பெர்கர் காலத்துச் சிக்கல்களேதான். ஈரத்தைத் தடுக்கும் பூச்சும் சேர்ந்து மக்குமா? கரைக்கும் ரசாயனத்தை வெளியே விடாமல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்த முடியுமா? விலை பிளாஸ்டிக்கோடு மோதுமா? இரண்டாவது கேள்விக்கு ஒரு நல்ல பதில் துணித் தொழிலில் இருக்கிறது: லையோசெல் இழை ஆலைகள் கார்பன் டைசல்ஃபைடே இல்லாமல் மரக்கூழைக் கரைத்து, அந்தக் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் மீட்டுவிடுகின்றன.

அடுத்த முறை ஒரு பாக்கெட்டில் 'மரத்திலிருந்து தயாரித்தது' என்று பார்த்தால் உடனே லைக் போட்டுவிடாதீங்க. அதன் மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். செல்லோபேன் விற்றதும் அந்தப் பூச்சால்தான், மக்கும் வேகம் குறைந்ததும் அதனால்தான்.