ஆசிட்டுக்கும் அசையாத மகரந்தம்: பாறைக்குள் செடிகளைத் தேடிய பீர்பல் சாஹ்னி யார்?

செம்பருத்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். நாலு நாளில் மக்கிப்போகும் என்றுதானே நினைப்போம்? ஆனால், சரியான இடத்தில் புதைந்தால் மகரந்தத்தின் வெளிச்சுவர் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கும். இந்தியப் பாறைகளில் இப்படிப்பட்ட தடயங்களைத் தேடும் ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் பீர்பல் சாஹ்னி.

யார் இவர்?

1891 நவம்பர் 14-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்ற ஊரில் பிறந்தார். அப்பா ருச்சி ராம் சாஹ்னி, லாகூரில் வேதியியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் படித்த பீர்பல், 1919-ல் நாடு திரும்பினார். 1921-ல் லக்னோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். 1936-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ. புதைபடிவச் செடிகள்தான் இவரது உலகம்.

அந்தச் சுவரில் அப்படி என்ன இருக்கு?

மகரந்தத் துகளுக்கு இரண்டு உறைகள். உள்ளுறை மென்மையானது, சீக்கிரம் மக்கிவிடும். வெளியுறையின் பெயர் எக்சைன். அது ஸ்போரோபொலினின் என்ற பொருளால் ஆனது. பாறையையே கரைக்கும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்கூட அதை ஒன்றும் செய்யாது. அதனால் பாறையைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் துகள்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம்.

பல பூச்செடிகளின் எக்சைன் ஒரு மண்டபம் மாதிரி இருக்கும்: அடியில் தளம், நடுவில் குட்டித் தூண்கள், மேலே கூரை. கூரை மேல் முள், மேடு, வலை என விதவிதமான டிசைன். மகரந்தக் குழாய் வெளியே வர துளையோ பிளவோ இருக்கும். செம்பருத்திக்கு முட்கள், புல்லுக்கு ஒரே ஒரு துளை, பைன் மரத்துக்கு இரண்டு காற்றுப் பைகள். எந்தச் செடி வகை என்று காட்டும் அடையாள அட்டையே இந்தச் சுவர்தான்.

சாஹ்னியின் மாணவி சி. விர்க்கி 1937-ல், இந்தியா, ஆஸ்திரேலியா இரண்டின் பழைய கோண்டுவானா பாறைகளிலும் இறக்கை வைத்த துகள்கள் இருப்பதைக் காட்டினார். இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்ற கருத்தோடு இது பொருந்தியது.

சறுக்கிய இடம்

1940-களில், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரின் வயது பற்றிப் பெரிய விவாதம். உப்பைக் கரைத்துப் பார்த்த சாஹ்னிக்கு மரத்துணுக்குகள், பூச்சிகளின் நுண்பகுதிகள் கிடைத்தன. அதனால் உப்பின் வயது சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் என்றார். அவை பிற்பாடு நீர்க்கசிவோடு உள்ளே போயிருக்கலாம் என்றது எதிர்த்தரப்பு. இன்று ஏற்கப்படும் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். துகள் அழியாமல் கிடைத்தால் மட்டும் போதாது, அது எப்போது உள்ளே வந்தது என்பதும் முக்கியம். வெளி மகரந்தம் மாதிரியில் கலக்காமல் பார்ப்பது இன்று இந்தத் துறையின் அடிப்படை விதி.

ஒரே வாரம்

சாஹ்னியின் கனவு, தொல்தாவரவியலுக்கென்றே ஒரு நிறுவனம். புதைபடிவங்களைப் பதித்து அவர் உருவாக்கிய அடிக்கல்லை 1949 ஏப்ரல் 3-ல் லக்னோவில் நேரு நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி மாரடைப்பால் இறந்தார். வயது 57. பொறுப்பை ஏற்று நிறுவனத்தைக் கட்டி முடித்தவர், மனைவி சாவித்ரி சாஹ்னி. பீர்பல் சாஹ்னி பெயரிலேயே இயங்கும் அந்த நிறுவனத்தில், ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்துப் பழைய பருவமழைகளின் கதையை இன்றும் படிக்கிறார்கள்.